புழு வேண்டாம், பட்டாம்பூச்சி வேண்டுமா?

ஐயா,

‘காட்டுப்பூ விதைக் கலவை’ என்று ஒரு பாக்கெட் வாங்கி வீட்டைச் சுற்றி விதைத்தேன். காஸ்மோஸும் ஜினியாவும் நன்றாகப் பூத்தன. பட்டாம்பூச்சிகள் வருகின்றன, தங்குவதில்லை. இதற்கிடையில் கறிவேப்பிலையில் புழு விழுந்துவிட்டது, வேப்பெண்ணெய் தெளித்தேன். பட்டாம்பூச்சிகள் நிறைய வர வேறு எந்தப் பாக்கெட் வாங்கலாம்? எருக்கு வைக்கலாம் என்றால் அம்மா வீட்டுக்கு ஆகாது என்கிறார்.

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

காஸ்மோஸும் ஜினியாவும் மெக்சிகோ பக்கத்துச் செடிகள். தேன் இருக்கிறது, குடிக்கிறது, போகிறது. அதில் குற்றமில்லை. என்னை உறுத்துவது அந்த வேப்பெண்ணெய்தான்.

பறவை எச்சம் போலக் கிடந்து, வளர்ந்ததும் பச்சையாகி, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பை நீட்டி நெடி விட்டதா அந்தப் புழு? அப்படியானால் அது பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் பிள்ளை. பூவுக்கு வருகிற தாயை ரசித்துவிட்டுப் பிள்ளைக்கு மருந்தடித்தால் எப்படி ஐயா தங்கும்? ‘இயற்கை மருந்துதானே’ என்று சொல்லாதீர்கள். வேப்பெண்ணெயில் உள்ள அசாடிராக்டின் புழு தோலுரிப்பதையே கெடுக்கும். எந்தப் புழு என்று அது பார்க்காது. வளர்ந்த கறிவேப்பிலை மொட்டையானாலும் திரும்பத் துளிர்க்கும். சிறு கன்று என்றால் மட்டும், புழு இருக்கும் ஈர்க்கோடு வெட்டி, பக்கத்தில் உள்ள எலுமிச்சையிலோ நாரத்தையிலோ செருகிவிடுங்கள்.

பட்டாம்பூச்சி தங்குவது முட்டையிட இலை இருக்கிற இடத்தில். கண்ட இலையில் இடாது. வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சிக்கு எருக்கு வேண்டும். அதன் புழு முதலில் நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, பிறகுதான் அந்த இலையைத் தின்னும். பக்கத்தில் நின்று பாருங்கள், கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு முதுகில் மூன்று ஜோடிக் கொம்பு இருக்கும். முட்டையிலிருந்து சிறகு வரை மூன்று நான்கு வாரம். அதுவரை இலை ஓட்டையாகத்தான் இருக்கும், இருக்கட்டும். தண்டில் மஞ்சள் அசுவினி, அதாவது சாறு உறிஞ்சும் பொடிப்பூச்சி, அப்பினால் வெறும் தண்ணீரைப் பீய்ச்சினால் போதும், புழு இருக்கும் இலையை விட்டுவிட்டு.

ஆவாரம்பூவில் தேனே கிடையாது, மகரந்தம்தான். அதைச் சுற்றும் வெளிர்பச்சைப் பட்டாம்பூச்சிகள் தளிரில் முட்டையிட வருகின்றன. அதன் விதைக்கு மேல்தோல் கெட்டி, அப்படியே போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். கொதித்து இறக்கிய நீரை ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டு, உப்பிய விதையை மட்டும் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். உப்பாததை மறுபடி ஊறவையுங்கள்.

தேனுக்குத் தும்பை. காய்ந்த கொத்தை உதிர்த்து, விதையை மணலோடு கலந்து, புரட்டாசிக் கடைசியில் கீறிவிட்ட மண்மேல் தூவி மிதித்துவிட்டால் போதும். மண் போட்டு மூடினால் முளைப்பு குறையும். தொழுவுரம் வேண்டவே வேண்டாம், கோரையும் அருகும் முந்திக்கொண்டு தும்பையை அமுக்கிவிடும்.

அம்மா சொல்வதோடு வாதாட வேண்டாம், எருக்கை வாசலில் வைக்காமல் பின்வேலியோரம் வையுங்கள். ஆணிவேர்ச் செடி, பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. காய் வெடிக்கும் முன் பறித்து, பஞ்சை நீக்கி, விதையை அந்த இடத்திலேயே அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். காயைப் பறிக்கும்போது வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும், கையைக் கழுவாமல் முகத்தைத் தொடாதீர்கள்.