விண்ணுக்கு ஒரு கயிறு: கேள்வி பதில்

பழனியில் ரோப் கார் ஏறிவிட்டு வந்த எங்கள் கொடைக்கானல் பிள்ளைகள், "இதே மாதிரி விண்வெளிக்கும் கயிறு போடலாமே?" என்று கேட்டார்கள். அதிலிருந்து வளர்ந்த பேச்சு இது. கம்பிக்கயிறு பராமரிப்பில் 20 வருடம் இருந்தவன் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

பண்ணைக்காடு மாணவி: ஐயா, மேலே எதில் கட்டுவது?

எதிலும் கட்ட வேண்டாம் பாப்பா. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால், கீழிருந்து பார்த்தால் நகராது. உங்கள் வீட்டு டிஷ் ஒரே பக்கம் பார்த்து நிற்பது அதனால்தான். அங்கிருந்து கயிற்றைக் கீழே விட்டு, பாரம் சமனாக மேல்பக்கமும் நீட்டி, நுனியில் எடை வைக்க வேண்டும். ரஷ்யப் பொறியாளர் யூரி அர்த்சுதானோவ் 1960-லேயே சொன்ன யோசனை இது.

பெருமாள்மலை அன்பர்: ஸ்டீல் தாங்காதா சார்?

தன் எடையையே தாங்காது. நல்ல ஸ்டீல் கம்பியைத் தொங்கவிட்டால் 25 கி.மீ. சுமாருக்கு அறுந்துவிடும். குண்டு துளைக்காத சட்டைக்குப் பயன்படும் கெவ்லார் இழை 250 கி.மீ. வரை வரும். உயரே போகப் போக ஈர்ப்பு குறைவதைக் கழித்த பிறகும், ஒரே பருமன் கயிற்றுக்கு, இதே கணக்கில் 4,900 கி.மீ. தொங்கினாலும் அறாத பலம் வேண்டும். நடுவில் தடிப்பாகவும் முனைகளில் மெல்லியதாகவும் செய்தால் கொஞ்சம் சமாளிக்கலாம். ஆனால் ஸ்டீலில் அந்தத் தடிப்பு கணக்கில் அடங்காமல் போய்விடுகிறது.

பூம்பாறை ஆசிரியர்: கார்பன் நானோகுழாய்?

கார்பன் அணுக்களால் ஆன, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய குழாய் அது. அதுதான் நம்பிக்கை. 2018-ல் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தார் செய்த நானோகுழாய்க் கற்றை 80 கிகாபாஸ்கல் இழுவிசையைத் தாங்கியது. நல்ல ஸ்டீல் கம்பியைப் போல 40 மடங்கு! ஆனால் நீளம் சென்டிமீட்டர் கணக்கில்தான்.

என் அனுபவத்தில் பெரிய சிக்கல் இந்த நீளம்தான். கயிற்றைப் பரிசோதிக்கும்போது காட்டன் வேஸ்ட்டால் சுற்றிப் பிடித்து மெதுவாக ஓடவிடுவோம். ஒரே ஒரு கம்பி அறுந்திருந்தாலும் பஞ்சு அதில் மாட்டி, வெள்ளையாகத் தொங்கும். அங்கே சாக்பீஸ் குறி வைத்து, ஒரு முறுக்கு நீளத்துக்குள் (ஒரு புரி கயிற்றை முழுதாக ஒருமுறை சுற்றிவரும் நீளம்) எத்தனை கம்பி போயிருக்கிறது என்று எண்ணுவோம். நானோகுழாயில் ஓர் அணு விடுபட்டாலே பலம் குறையும். அதை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு எந்தப் பஞ்சை வைத்துத் தேடுவது? பலத்தை விட, பழுதில்லாத நீளத்துக்காகத்தான் ஆராய்ச்சிக்கூடங்கள் இன்னும் பாடுபட வேண்டும்.

வில்பட்டி தம்பி: நம்ம மலையிலேயே நட்டுவிடலாமா அண்ணா?

ஆசைதான்! நாம் 10 டிகிரி வடக்கே இருக்கிறோம். பூமத்திய ரேகையை ஒட்டிய கடல்தான் தோது.

பெருமாள்மலை அன்பர்: ராக்கெட் இருக்கும்போது இது எதற்கு?

பி.எஸ்.எல்.வி. கிளம்பும்போது 320 டன். 600 கி.மீ. துருவப் பாதைக்கு அது சேர்ப்பது 1.75 டன். மிச்சத்தில் பெரும்பங்கு எரிபொருள்தான். கயிற்றில் ஏறும் வண்டி எரிபொருளைச் சுமக்க வேண்டியதில்லை, மின்சாரம் போதும். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் ஏழரை நாளில் மேலே சேரும். மெதுவாகட்டும், அப்போது ஒரு சிறிய கல்லூரி கூட செயற்கைக்கோள் அனுப்ப நினைக்கலாம்.

பண்ணைக்காடு மாணவி: நிலாவுக்கு?

நிலாவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான். அங்கே தரையிலிருந்து மேலே ஏறும் கயிற்றுக்கு இன்று கடையில் கிடைக்கும் கெவ்லார் வகை இழைகளே போதும் என்று கணக்கு காட்டுகிறது. முதல் கயிறு அங்கேதான் தொங்கும் என்பது என் எண்ணம், பாப்பா.