புகாரைக் கேட்பவர் யார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் நாடகக் குழுவில் பதினான்கு பேர் இருக்கிறோம். பயிற்சி தருபவரே இயக்குநர். சென்ற மாதம் புதிதாக வந்த ஒரு பெண், தழுவிக்கொள்ளும் காட்சியின் ஒத்திகைக்குப் பிறகு காரணம் சொல்லாமல் விலகிவிட்டார். நடத்தை விதிகளை எழுதி வைக்கலாமா என்று கேட்டேன். "நாம் ஒரே குடும்பம், விதி வந்தால் கலை போய்விடும்" என்றார் இயக்குநர். எங்கிருந்து தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவர் காரணம் சொல்லவில்லை என்கிறீர்கள். யாரிடம் சொல்லியிருக்க முடியும்? பயிற்சி தருபவர், வேடம் தருபவர், அடுத்த நாடகத்துக்கு யாரை அழைப்பது என்று முடிவெடுப்பவர், குறை கேட்பவர் எல்லாம் ஒருவராகவே இருக்கும் குழுவில், வாய் திறந்தால் வேடம் போய்விடும் என்று புதியவர் அஞ்சுவது இயல்பு. இயக்குநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த அச்சம் நீங்காது. ஆகவே வேடம் தருபவரிடமிருந்து குறை கேட்கும் பொறுப்பை முதலில் பிரித்துவிடுங்கள்.

சிகாகோ நாடகக் கலைஞர்கள் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், தொழிற்சங்கப் பாதுகாப்பு இல்லாத சிறு குழுக்களை மனத்தில் கொண்டவை. முதல் ஒத்திகையிலேயே புகார் சொல்லும் வழியை எல்லோருக்கும் அறிவிப்பதும், நடிகர்கள் தங்களுக்குள் ஒருவரைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுப்பதும் அவற்றில் உள்ளன. இதற்குப் பணம் தேவையில்லை. "இது வேலையல்ல, கலை" என்று உங்களிடம் சொல்லப்பட்டால், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019இல் ஏற்ற 190ஆம் உடன்படிக்கை பயிற்சி பெறுபவர்களையும் தன்னார்வலர்களையும் வேலை தேடி வருபவர்களையும்கூடத் துன்புறுத்தலிலிருந்து காக்க வேண்டியவர்களாகச் சேர்த்திருப்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

விதி கலையைக் கெடுக்கும் என்பதை நான் ஏற்கவில்லை. மேடையில் வாட்சண்டையின் ஒவ்வொரு வீச்சும் எண்ணி அமைக்கப்படுகிறது. அதனால் சண்டை உயிரிழந்ததாக யாரும் குறை சொன்னதில்லை. தழுவலையும் அப்படியே அமைக்கலாம்: கை எங்கே படும், எவ்வளவு நேரம், எந்த வசனத்தில் விலகும் என்று இருவரும் பேசி முடிவு செய்து, பேசியதை மேடையில் மீறாமல் இருக்க வேண்டும். நேற்றைய சம்மதம் இன்றைக்கும் சேர்த்துத் தந்ததல்ல என்பதால், ஒவ்வொரு ஒத்திகைக்கு முன்னும் மீண்டும் கேட்க வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்.பி.ஓ. 2018இல் தன் தொடர்களின் நெருக்கமான காட்சிகளுக்கெல்லாம் தனி ஒருங்கிணைப்பாளரை அமர்த்துவதாக அறிவித்ததும் ஒரு நடிகையின் வேண்டுகோளுக்குப் பிறகுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பல அரங்குகளில் முன்வாசலில் சாய்தளம் இருக்கும், மேடைக்கு ஏறப் படிக்கட்டு மட்டுமே இருக்கும். சக்கர நாற்காலியில் வருபவரைப் பார்வையாளராக எண்ணிய நாம் நடிகராக எண்ணவே இல்லை. உடை மாற்றத் தனியிடம் கேட்கத் தயங்குபவரின் நிலையும் இதுதான். அவர் கேட்கும் முன்பே அந்த இடம் இருக்க வேண்டும்.

விலகிச் சென்றவரிடம் குழுவில் அவருக்கு நெருக்கமான ஒருவர் பேசட்டும். காரணம் கேட்டு வற்புறுத்த வேண்டாம், திரும்பி வரும்படி கெஞ்சவும் வேண்டாம். இனி யாரிடம் சொல்லலாம் என்பதை மட்டும் தெரிவியுங்கள்.