கோட்டு இல்லாம கப்பல் ஏறலாமா? வாசகர் கேள்வி பதில்

போன தடவை சொகுசுக் கப்பல் பயணத்தைப் பத்தி போகிற போக்குல ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு சத்தியமா நினைக்கல. டிக்கெட் விலை, வாந்தி மாத்திரை இதெல்லாம் ஒருத்தரும் கேக்கல, வந்ததுல முக்கால்வாசி என்ன டிரெஸ் போடறதுங்கறது தான். நான் ஒரு கப்பல் டைனிங் ரூம்ல ஒன்பது வருஷம் வெயிட்டரா இருந்தவன், கடைசி ரெண்டு வருஷம் வாசல்ல நின்னு ஆளைப் பார்த்து உள்ள விடுற வேலை, கையில எப்பவும் ரெண்டு ஸ்பேர் கோட்டு இருக்கும். அந்த அனுபவத்துல சொல்றேன்.

மகள் இங்கிலாந்துல இருக்கா, சவுத்தாம்ப்டன்ல இருந்து நியூயார்க் வரைக்கும் குயின் மேரி 2 கப்பல்ல எங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டிருக்கா. காலா ஈவ்னிங்னு ரெண்டு ராத்திரி இருக்காம், கோட்டு சூட்டு வேணுமாம். எங்க வீட்டுக்காரருக்கு 68 வயசு, கல்யாணத்துக்கே கோட்டு போடாதவன் இப்பவா போடுவேன், பட்டு வேட்டி தான் கட்டுவேன்னு ஒரே பிடிவாதம். விடுவாங்களா?
— வாசகி, திருநெல்வேலி

விடுவாங்கம்மா, ஐயா தாராளமா கட்டிக்கிட்டு போகட்டும். அந்தக் கம்பெனி, குனார்ட், காலா ராத்திரிக்கு டக்ஸிடோ (போ டையோட போடற கருப்புக் கோட்டு சூட்டு) இல்ல டார்க் சூட்டுன்னு சொல்றதோட அவங்கவங்க நாட்டு ஃபார்மல் உடையும் போடலாம்னு தான் வச்சிருக்காங்க, ஸ்காட்லாந்துக்காரங்க பாவாடை மாதிரி இருக்கற கில்ட் கட்டிக்கிட்டு முழங்கால் தெரிய வந்து உக்காருவாங்க, அவங்களை ஒண்ணும் சொல்லாத இடத்துல நம்ம வேட்டிக்கு என்ன குறைச்சல். ஆனா ஃபார்மல்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, அது முக்கியம். சரிகைக் கரை பட்டு வேட்டி, முழுக்கை பட்டுச் சட்டை, தோள்ல அங்கவஸ்திரம், கால்ல ஷூ, இப்படிப் போனா மாப்பிள்ளை வீட்டு சம்பந்தி மாதிரி இருப்பார், பக்கத்து டேபிள் வெள்ளைக்காரங்க போட்டோ எடுத்துக்கலாமான்னு கேப்பாங்க. அதே வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அரைக்கை சட்டையோட ரப்பர் செருப்புல போனா வாசல்ல நிக்கிற என்னை மாதிரி ஆளுக்கு தர்மசங்கடம். எதுக்கும் மகளை விட்டு கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு பதிலை போன்ல வச்சுக்க சொல்லுங்க, வாசல்ல நிக்கிறவன் புதுசா வந்த பையனா இருந்தா உதவும்.

அட்லாண்டிக் காத்து சாதாரணப்பட்டது இல்லை, டெக்குல நடக்கும்போது சாதா வேட்டி பாராசூட் ஆயிடும். வெல்க்ரோ வச்ச வேட்டியா வாங்கிக் குடுங்க, அதுக்கு மேல ஒரு பெல்ட்டும்.

ஐயா வாசல்ல சண்டை போட ரெடியா இருந்தா ஒண்ணு சொல்லி வைங்க. 2014ல சென்னையில ஒரு உயர்நீதிமன்ற நீதிபதியையே வேட்டி கட்டினதுக்காக கிரிக்கெட் சங்க கிளப்புல உள்ள விடாம நிறுத்தினாங்க, அது பெரிய பிரச்சனையாகி அதே வருஷம் ஆகஸ்ட்ல சட்டமன்றத்துல சட்டமே போட்டாங்க, வேட்டி கட்டினவரை கிளப்புல தடுத்தா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபா வரைக்கும் அபராதம். ஆனா அது தமிழ்நாட்டுக்குள்ள. குயின் மேரி 2 பெர்முடால பதிவான கப்பல், நடுக்கடல்ல நம்ம சட்டத்தைக் காட்டி பிரயோஜனம் இல்லை. நம்மூர் கிளப்பை விட வெள்ளைக்காரன் கப்பல் இந்த விஷயத்துல தாராளமா இருக்குங்கறது தான் எனக்கு இன்னும் சிரிப்பு.

ஏழு நாளைக்கு லட்சக்கணக்குல காசு கட்டிட்டு போறோம், லீவுக்கு தான் போறோம், ஆபீஸ்ல தான் கழுத்தை நெரிக்கிற டை, அங்கயுமா? ஷார்ட்ஸ் போட்டுட்டு டின்னர் சாப்பிட்டா யாருக்கு என்ன நஷ்டம்? இது அடிமைப் புத்தி இல்லாம வேற என்ன?
— வாசகர், கோயம்புத்தூர்

கோவப்படாதீங்க சார், உங்க மாதிரி ஆளுங்களுக்குன்னே கப்பல் இருக்கு. நார்வீஜியன் கம்பெனி 2000ல ஃப்ரீஸ்டைல்னு ஆரம்பிச்சாங்க, ஃபார்மல் நைட்டுன்னு கட்டாயம் கிடையாது, இந்த நேரத்துக்கு இந்த டேபிள்னும் கிடையாது, அது நல்லா ஓடவும் மத்தவங்களும் மெதுவா கயிறை விட ஆரம்பிச்சாங்க. செலிபிரிட்டிங்கற கப்பல் கம்பெனி 2015ல ஃபார்மல் நைட்டை எடுத்துட்டு ஈவ்னிங் சிக்னு ஒரு பேரு வச்சாங்க, கார்னிவல் எலகண்ட்னு சொல்லுவாங்க, அதுல டை கட்டாதவங்க தான் நிறைய. வைக்கிங் கடல் கப்பல்ல டை கட்டுற ராத்திரியே கிடையாது, அங்க டிக்கெட் விலையைக் கேட்டா தான் மூச்சு முட்டும். விர்ஜின்ல ஒரு ராத்திரி எல்லாரும் சிவப்பு டிரெஸ் போடணும்பாங்க, சிவப்புல எதுவா இருந்தாலும் சரி.

ஆனா யாருக்கு என்ன நஷ்டம்னு கேட்டீங்களே, அதுல தான் நான் உங்க கட்சி இல்ல. குனார்ட் மாதிரி கப்பலுக்கு வர்றவன் அந்த ராத்திரிக்காகவே காசு கட்டி வர்றான். சவுத்தாம்ப்டன்ல ஏறி ஏழு ராத்திரி, நடுவுல ஒரு ஊர் கிடையாது, இறங்கிப் பார்க்க எதுவுமே இல்ல, சுத்தி தண்ணி தான். சாயங்காலம் குளிச்சு டிரெஸ் பண்ணிக்கிட்டு பால்ரூம் போய் ஆடறது தான் அங்க ஊர் சுத்திப் பாக்குறது. அதுவே அலாஸ்கா, கிரேக்கத் தீவுன்னு தினம் ஒரு ஊர்ல இறங்குற ரூட்டுன்னா அஞ்சு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து ஏறி வர்றவனை கோட்டு போடுன்னு சொன்னா எரிச்சல் தான் வரும், நானே பார்த்திருக்கேன். ரூட்டைப் பாருங்க, எந்த மாதிரி டிரெஸ்னு அதுலயே பாதி தெரிஞ்சிடும்.

தெரியாம குனார்ட் கப்பலையே புக் பண்ணிட்டீங்கன்னாலும் பட்டினி போட மாட்டாங்க, காலா ராத்திரியிலயும் பஃபே திறந்து தான் இருக்கும், கோல்டன் லயன்னு ஒரு பப் இருக்கு, ரூமுக்கும் சாப்பாடு வரும். ஷார்ட்ஸ் மட்டும் சாயங்காலம் 6 மணிக்கு மேல வேண்டாம்.

நாங்க அதுக்கு நேர் எதிர். 25வது கல்யாண நாளுக்குன்னு கப்பல் போனோம், நான் காஞ்சிபுரம் பட்டு, அவர் புது சூட்டு. பக்கத்து டேபிள்ல டிராக் பேண்ட்டும் தொப்பியும் போட்டுட்டு ஒரு குடும்பம். விதின்னு எழுதி வச்சிட்டு ஏன் கண்டுக்காம விடறாங்க?
— வாசகி, பெங்களூரு

உங்க வருத்தம் புரியுதும்மா. ஏன் விடறாங்கன்னு உள்ள இருந்து பார்த்தவனா சொல்றேன்.

ஒண்ணு, வாசல்ல நிக்கிறவனுக்கு அதிகாரம் கிடையாது, சம்பளம் தான் கொஞ்சமா இருக்கு. கடைசி நாள் பயணிங்க ஃபார்ம் நிரப்புவாங்க, சர்வீஸ் எப்படின்னு மார்க் போடுவாங்க, நான் ஒருத்தரை திருப்பி அனுப்பினா அவர் எனக்கு சைபர் போடுவார், விட்டா நீங்க கம்பெனிக்கு கம்ப்ளெயின்ட் எழுதுவீங்க, ஆனா அதுல என் பேரு இருக்காது. அப்போ நான் எதைப் பண்ணுவேன்? ஒரு தடவை ஒருத்தர் பெர்முடா ஷார்ட்ஸ்ல வந்தார், பின்னாடியே அவர் அம்மா, வீல்சேர்ல, முத்து மாலை எல்லாம் போட்டு ஜம்முனு. அம்மாவை உள்ள விடறேன் உங்களை விட மாட்டேன்னு எப்படி சொல்றது, ஓரமா இருந்த டேபிள்ல மேஜைத்துணி நல்லா தொங்குற இடமா பார்த்து உக்கார வச்சேன். மறுநாள் ராத்திரி அவரே பேண்ட் போட்டுட்டு வந்து தேங்க்ஸ் சொன்னார்.

இன்னொண்ணு பெட்டி. பிரிட்டிஷ்காரங்க சவுத்தாம்ப்டன் வரைக்கும் சொந்தக் கார்லயே வந்து ஏறிடறாங்க, நாலு சூட்கேஸ் கொண்டு வந்தாலும் கேக்க ஆள் இல்லை. பிளைட் பிடிச்சு வந்து கப்பல் ஏறுறவங்களுக்கு எக்கானமில பெரும்பாலும் 23 கிலோ தான், அதுல ஒரே ஒரு ராத்திரிக்காக கோட்டு, ஷூன்னு அஞ்சு கிலோ யாரு தூக்குவா. அவங்க எல்லாரும் மரியாதை தெரியாதவங்கன்னு மட்டும் நினைக்காதீங்க.

அப்புறம் ஃபார்மல் நைட்டை சுத்தமா எடுக்காம அரைகுறையா ஏன் வச்சிருக்காங்கன்னா அன்னைக்கு ராத்திரி மாடிப்படி பக்கத்துல திரை கட்டி போட்டோ எடுப்பாங்க பாருங்க, அதுல நல்ல வியாபாரம். டிராக் பேண்ட்ல யாரும் போட்டோ எடுத்துக்க மாட்டாங்க இல்லையா.

இந்தப் பழக்கம் எப்படி வந்துச்சு? வெள்ளைக்காரன் காலத்து மிச்சமா?
— கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

ஆமா தம்பி, ஆனா அந்தக் காலத்துல எல்லாரையும் டிரெஸ் பண்ண சொல்லல. முதல் வகுப்பு டைனிங் ரூம் தனி, அங்க தான் தினம் ராத்திரி கோட்டு. மூணாவது வகுப்புக்காரன் என்ன போட்டான்னு யாரும் பார்க்கல, அவன் சாப்பிடற இடமே வேற. வகுப்பு பிரிவெல்லாம் போய் ஒரே டைனிங் ரூம்ல எல்லாரும் உக்கார ஆரம்பிச்ச பிறகு தான் இந்த சண்டையே, என்னைக் கேட்டா முன்னாடி சுவர் வச்சுப் பிரிச்சதை இப்போ துணியை வச்சுப் பிரிக்கப் பாக்குறாங்க.

முதல் ராத்திரியும் கடைசி ராத்திரியும் மட்டும் கோட்டு கிடையாதுங்கறது அந்தக் காலத்துலயே வழக்கம், முதல் நாள் பெட்டி பிரிச்சிருக்க மாட்டாங்க, கடைசி நாள் கட்டி வெளிய வச்சிருப்பாங்க. நம்ம பக்கம் வர்ற கப்பல் சூயஸ் தாண்டி செங்கடல்ல நுழைஞ்சா வெக்கை தாங்காது, அப்போ கோட்டை மட்டும் கழட்டிட்டு வெள்ளைச் சட்டையும் இடுப்புல பட்டையுமா சாப்பிட வருவாங்க, அதுக்கு ரெட் ஸீ ரிக்னு ஒரு பேரு. வெயில் அடிச்சா துரைமாரும் விதியை வளைச்சவங்க தான்.

காந்தி கதை தெரியுமா உனக்கு? 1888 செப்டம்பர்ல பம்பாய்ல கப்பல் ஏறினப்போ அவருக்கு 18 வயசு. முள் கரண்டி பிடிக்கத் தெரியாது, எது சைவம்னு கேக்க கூச்சம், அதனால டேபிளுக்கே போகாம வீட்ல இருந்து கொண்டு போன இனிப்பையும் பழத்தையும் கேபின்லயே சாப்பிட்டிருக்கார். கப்பல்ல கருப்பு சூட்டு, இறங்குறப்போ போட்டுக்கன்னு வெள்ளை ஃபிளானல் சூட்டை பத்திரமா வச்சிருந்தார். செப்டம்பர் கடைசில இங்கிலாந்துல இறங்கிப் பார்த்தா ஊர்லயே வெள்ளை போட்டிருந்தது அவர் ஒருத்தர் தான், பெட்டி சாவியோட ஏஜென்ட் கைக்குப் போயிடுச்சு, மறுநாள் ஞாயித்துக்கிழமை, மாத்தவும் வழி இல்லை. அவரே சுயசரிதைல எழுதியிருக்கார். அதே மனுஷன் 1931ல வட்டமேஜை மாநாட்டுக்கு ராஜபுதனா கப்பல்ல போனப்போ இடுப்புல முழத் துணி, யாரு என்ன சொன்னாங்க? நடுவுல 43 வருஷம்.

பட்டுப் புடவை பெட்டில மடிச்சு வச்சா கசங்குது, அயர்ன் பாக்ஸ் கொண்டு போகலாமா?
— வாசகி, சேலம்

கூடவே கூடாது, ஸ்கேன்லயே பிடுங்கி வச்சுக்குவாங்க. நடுக்கடல்ல தீ பிடிச்சா ஓட இடம் இல்ல, அதான் பயம், டிராவல் ஸ்டீமரையும் பெரும்பாலும் விடறது இல்ல. சில கப்பல்ல பயணிங்களே துவைச்சுக்கற ரூம் இருக்கும், அயர்ன் டேபிளும் அங்கயே இருக்கும், காலா அன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்குள்ள போயிடுங்க, அப்புறம் போனா அங்க நடக்கற குழாயடி சண்டை டைனிங் ரூம் சண்டையை விட பெருசு. புடவையை மடிக்காம ஒரு மெத்துனு துண்டோட சுருட்டி எடுத்துட்டுப் போங்க.

ஸ்விம்மிங் பூல்ல சுடிதாரோட இறங்கலாமா?
— வாசகி, ஈரோடு

விட மாட்டாங்க. பருத்தித் துணி நூல் ஃபில்டர்ல அடைக்கும், துப்பட்டா சுத்தினா ஆபத்து. கையும் காலும் முழுசா மூடுற நீச்சல் உடை கடைல கிடைக்குது, அதைப் போட்டுட்டு தாராளமா இறங்குங்க.

எல்லாம் சரி சார், எனக்கு டை கட்டவே தெரியாது. வில் மாதிரி இருக்கே அந்த போ டை, அது வேற கேக்கறாங்க.
— வாசகர், நாகர்கோவில்

இதுக்கு வெக்கப்படாதீங்க, வந்தவங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது, வாசல்ல நின்னு நானே எத்தனை பேருக்குக் கட்டி விட்டிருக்கேன், அதுல ஒருத்தர் ரிட்டயர்டு ஜட்ஜு, வருஷக்கணக்கா சம்சாரம் தான் கட்டி விட்டாங்களாம், அந்த அம்மா போனப்புறம் அவருக்கு அது முதல் பயணம். முடிச்சு போட்டு முடியற வரைக்கும் கண்ணாடியையே பார்க்கல, சுவரைத் தான் பார்த்துட்டு நின்னார். நீங்க கொக்கி வச்ச ரெடிமேட் போ டை வாங்கிக்கோங்க, முடிச்சு முன்னாடியே போட்டிருக்கும், பட்டை காலருக்குள்ள போயிடும், யாருக்கும் தெரியாது. கழுத்தளவு மட்டும் கடைலயே போட்டுப் பார்த்து வாங்குங்க.