கம்பஸில் டின் இலக்கம் கேட்கிறார்கள், கொடுத்தால் வரி கட்ட வேண்டி வருமா?

மட்டக்களப்பிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: மாணவர்கள் எல்லோரும் டின் இலக்கம், அதாவது வரி செலுத்துவோர் அடையாள இலக்கம், எடுத்துத் தரவேண்டுமாம், மஹாபொல புலமைப்பரிசில் காசைத் தவிர வேறு வருமானம் இல்லை, அமெரிக்காவில் படிக்கும் மச்சாளிடமும் கல்லூரி இப்படி ஒன்று கேட்டதாம். பயமாக இருக்கிறது என்கிறார்.

பயப்படாதீங்க தங்கச்சி. இலக்கம் எடுப்பது வேறு, வரி கட்டுவது வேறு. 18 வயது நிரம்பியவர்கள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிய வேண்டும் என்ற விதி 2024 ஜனவரி முதல் இருக்கிறது. ஆனால் வருமான வரி, வருடத்துக்கு 18 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான். 2025 ஏப்ரலுக்கு முன் அது 12 லட்சமாக இருந்தது. மஹாபொலவோடு பின்னேரம் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்து வரும் காசைச் சேர்த்தாலும் அந்தக் கணக்கு எட்டாது.

சொல்லப்போனால் இலக்கம் இருந்தால் உங்களுக்குத்தான் நல்லது. எங்கள் பக்கம் பல வீடுகளில் பிள்ளையின் பெயரில் வங்கியில் நிலையான வைப்புப் போட்டிருப்பார்கள். 5 லட்சத்துக்கு 8 வீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 40,000 ரூபாய் வட்டி. அதில் 10 வீதத்தை, அதாவது 4,000 ரூபாயை, வங்கியே வரியாகப் பிடித்துக்கொள்ளும். என் வருமானம் 18 லட்சத்துக்குள்தான் என்று வங்கியில் ஒரு பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். அந்தப் படிவத்துக்கு டின் இலக்கம் தேவை.

மச்சாளின் விஷயம் வேறு. அங்கே மாணவர் கட்டிய கட்டணத்தைக் கல்லூரி வரித் திணைக்களத்துக்கு 1098-டி என்ற படிவத்தில் அறிவிக்க வேண்டும். அதற்காகத்தான் டபிள்யூ-9எஸ் படிவத்தைக் கொடுத்து மாணவரின் வரி அடையாள இலக்கத்தைக் கேட்கிறார்கள். படிப்புச் செலவுக்கு வரிச்சலுகை கோர அந்த 1098-டி உதவும். வெளிநாட்டு மாணவராக, வரிச் சட்டப்படி வதிவற்றவராக இருந்தால், அவர் கேட்டாலொழியக் கல்லூரி அதைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

எனக்கு உண்மையில் கவலை, இங்கே சேகரிக்கும் விதம்தான். வகுப்புப் பிரதிநிதி வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியலைப் போடுவார். பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, தொலைபேசி, டின். கீழே ஆளாளுக்கு அடையாள அட்டையைப் படம் பிடித்துப் போட்டிருப்பார்கள், முன்பக்கமும் பின்பக்கமும். புதிய அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த வருடம், அடுத்த மூன்று பிறந்த நாளின் கணக்கு, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஒரு பெண்பிள்ளையின் பிறந்த தேதி, வீடு, போன் இலக்கம் எல்லாம் ஒரே வரியில், இருநூறு பேர் பார்க்கிற இடத்தில் கிடக்கலாமா? கேட்கிற அலுவலகம் ஏன் கேட்கிறது, யார் வைத்திருப்பார்கள் என்று எழுத்தில் சொல்லட்டும். நீங்கள் நேரே அந்த அலுவலகத்தில் கொடுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

இன்னொன்று, பதிவு இலவசம். திணைக்களத்தின் இணையதளத்தில் நீங்களே செய்யலாம். கொமியுனிகேஷன் கடையில் செய்வித்தால் உங்கள் சொந்த மின்னஞ்சலையும் சொந்த போன் இலக்கத்தையுமே போடச் சொல்லுங்கள். கடைக்காரரின் மின்னஞ்சலைப் போட்டால் திணைக்களம் அனுப்புவதெல்லாம் அவரிடம்தான் போகும். ஏற்கெனவே குழுவில் அட்டைப் படத்தைப் போட்டிருந்தால் இன்றைக்கே அழித்துவிட்டு, பட்டியலை எல்லோருக்கும் தெரியாதபடி மூடச் சொல்லிப் பிரதிநிதியிடம் கேளுங்கள்.