வாசகர் கேள்விகள்: தேற்றம் ஒரு பக்கம், லாஸ் ஒரு பக்கம்

கேள்வி: நியூரல் நெட்வொர்க் பயிற்சியில் லேர்னிங் ரேட் (ஒவ்வொரு அடியிலும் சரிவை இந்த எண்ணால் பெருக்கி எடையிலிருந்து கழிப்போம்), 2-ஐ வளைவால் (சரிவு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்ற அளவு) வகுத்து வரும் எண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று படித்தோம். லட்சக்கணக்கான எடைகள் உள்ள நெட்வொர்க்கில் அந்த வளைவை யாரும் கணக்கிடுவதாகத் தெரியவில்லை. அப்புறம் தேற்றம் எதற்கு? என் மாடலில் லாஸ் (பிழையின் அளவு) திடீரென ஏறி 'நேன்' ('எண்ணே அல்ல' என்ற கணினிக் குறி) ஆகிவிடுகிறது.
— மாணவி, கோவை

பதில்: முதலில் தேற்றத்தைக் கையால் போட்டுப் பாருங்கள். எக்ஸின் வர்க்கத்தை 5-ஆல் பெருக்கி வரும் சார்புக்கு வளைவு 10. ஆகவே வரம்பு 0.2. ரேட் 0.1 என்றால் ஒரே அடியில் பள்ளத்தின் அடிமட்டம். 0.19 என்றால் ஒவ்வொரு அடியிலும் எக்ஸ் −0.9-ஆல் பெருகும், இரு பக்கமும் மாறி மாறித் தாவினாலும் சுருங்கிவிடும். 0.21 வைத்தால் பெருக்கும் எண் −1.1 ஆகிறது. 1-இல் தொடங்கினால் 50 அடிகளில் 117-ஐத் தாண்டிவிடும். உங்கள் லாஸில் ஒவ்வொரு ஏற்றமும் முந்தையதைவிடப் பெரிதாக இருந்தால் இதையே சந்தேகியுங்கள்.

நெட்வொர்க்கில் வளைவு நிலையான எண் அல்ல, பயிற்சியோடு மாறும். ஜெரமி கோஹன் குழுவினர் 2021-இல் காட்டியது சுவையானது: முழுத் தரவையும் வைத்து கிரேடியன்ட் டிசென்ட் (சரிவைப் பார்த்து அடியடியாக இறங்கும் இந்த முறை) ஓட்டினால், வளைவு தானாகவே ஏறி அந்த வரம்பைத் தொட்டு, பெரும்பாலும் அதற்குச் சற்று மேலேயே நின்றுகொள்கிறது. பாடத் தேற்றத்தின் நிபந்தனை அங்கே உடைந்துவிட்டது. ஆனாலும் லாஸ் தடுமாறித் தடுமாறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. வரம்பு நிஜம், தாண்டியதும் எல்லாம் சிதறும் என்பதுதான் நெட்வொர்க்குக்கு அப்படியே பொருந்தாது.

வளைவைக் கணக்கிடாமலே வரம்பைத் தேடலாம். ரேட்டை 0.000001-இல் தொடங்கி, ஒவ்வொரு பேட்சுக்கும் (ஒரு தடவைக்கு எடுக்கும் தரவுத் தொகுதி) சிறிது பெருக்கி, சில நூறு பேட்சுகளில் 1 வரை கொண்டுபோங்கள். லாஸ் எகிறும் இடத்தில் உள்ள ரேட்டில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்தில் ஒன்றுக்குத் தேற்றம் கிடையாது, வெறும் பழக்கம்.

முதல் அடியிலேயே 'நேன்' வந்தால் ரேட்டைக் குறை சொல்லாதீர்கள். தரவில் விடுபட்ட மதிப்பு, பூஜ்யத்துக்கு லாக், இல்லையென்றால் எண் நிரம்பி வழிவது, இவற்றில் ஒன்றாக இருக்கும். வழக்கமான 16 பிட் எண் வடிவத்தில் அதிகபட்சம் 65,504. 'இ' என்ற மாறிலியின் (ஏறக்குறைய 2.718) 11-ஆம் அடுக்கு ஏறக்குறைய 59,874, அடங்கும். 12-ஆம் அடுக்கு 1,62,755, அடங்காது, முடிவிலி ஆகிவிடும். முடிவிலியை முடிவிலியால் வகுத்தால் கிடைப்பது 'நேன்'தான். சாப்ட்மேக்ஸை, அதாவது மதிப்புகளை 'இ'யின் அடுக்கேற்றி நிகழ்தகவுகளாக்கும் சார்பை, கையால் எழுதியிருந்தால், எல்லா மதிப்பிலிருந்தும் அவற்றில் பெரியதைக் கழித்துவிட்டு அடுக்கேற்றுங்கள். கணிதப்படி விடை மாறாது. கணினியில் உயிர் பிழைக்கும்.

கேள்வி: ரெலு (எதிர்ம எண்ணைப் பூஜ்யமாக்கும் சார்பு) வைத்து 50 லேயர் எழுதினேன். லாஸ் அசையவே இல்லை.
— வாசகர், திருச்சி

பதில்: ஆரம்ப எடைகளின் மாறுபாட்டெண்ணை (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) பாருங்கள். 1-ஐ உள்ளீடுகளின் எண்ணிக்கையால் வகுத்து வைத்திருப்பீர்கள். ரெலு எதிர்மப் பாதியைப் பூஜ்யமாக்கிவிடுவதால், லேயருக்கு லேயர் சிக்னலின் வர்க்கச் சராசரி பாதியாகும். 50 லேயர் கடந்தால் வீச்சு 3 கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. 1-க்குப் பதில் 2 போடுங்கள். கைமிங் ஹே குழுவினர் 2015-இல் தந்த கணக்கு அது. பயிற்சிக்கு முன்பே ஒரு பேட்சை உள்ளே விட்டு, ஒவ்வொரு லேயரின் திட்ட விலக்கத்தையும் அச்சிட்டுப் பாருங்கள். காகிதக் கணக்கு அப்படியே கணினியில் பலிக்கும் அபூர்வமான இடம் இது.

கேள்வி: ஆடம் (எடைக்கு எடை அடியின் அளவைத் தானே மாற்றிக்கொள்ளும் பயிற்சி முறை) சரியான விடைக்குப் போய்ச் சேரும் என்ற நிரூபணம் தவறு என்கிறார்களே, விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். 2014-இல் வந்த அதன் நிரூபணத்தில் ஓட்டை இருப்பதையும், எளிய குவிச் சார்பு (ஒரே பள்ளம் உள்ள சார்பு) ஒன்றிலேயே அந்த முறை தவறான இடத்துக்குப் போவதையும் 2018-இல் சஷாங்க் ரெட்டி உள்ளிட்ட மூவர் காட்டினார்கள். திருத்திய வடிவத்தையும் தந்தார்கள். நடைமுறையில் பழையதுதான் இன்னும் ஓடுகிறது.

கேள்வி: 1,000 படங்களில் ஒரு மாடல் 90.2%, இன்னொன்று 91.0% சரியாகச் சொல்கிறது. இரண்டாவதையே எடுக்கலாமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: 1,000 படங்களில் 90% அளவில் உள்ள மதிப்பெண்ணுக்குப் பிழை வரம்பே ஏறக்குறைய ±1.8. ஆனால் இரண்டும் அதே படங்களைப் பார்த்திருப்பதால் இன்னும் கூர்மையாகச் சோதிக்கலாம். ஒன்று மட்டும் சரியாகச் சொன்ன படங்களைத் தனித்தனியே எண்ணுங்கள். வித்தியாசத்தின் வர்க்கத்தைக் கூட்டுத்தொகையால் வகுங்கள், 3.84-ஐ (வழக்கமான 5% சோதனையின் எல்லை) தாண்ட வேண்டும். 30-க்கு 38 என்றால் 64-ஐ 68-ஆல் வகுத்து 0.94, வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல முடியாது. 2-க்கு 10 என்றால் 5.33, நம்பலாம், எண்ணிக்கை இவ்வளவு சிறியதாக இருக்கையில் ஈருறுப்புப் பரவலில் நேரடியாகவும் சரிபார்த்துவிடுங்கள். 20 மாடல்களை இதே 1,000 படங்களில் ஓட்டி, அதில் சிறந்ததைத்தான் 91.0 என்கிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. தொடாமல் வைத்த வேறு படங்களை எடுங்கள்.