இயற்கைப் பொருள்களை அரூப ஒளிப்படங்களாக எடுப்பதும் திருத்துவதும் எப்படி?

இலை, மணல், மரப்பட்டை என்று எதை எடுத்தாலும் அது வெறும் குளோஸப்பாகவே நின்றுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எடுத்த பொருள் எதுவென்று தெரியாமல் வடிவமும் நிறமும் ஒளியும் மட்டுமே பேசும் படம்தான் அரூபப் படம்; அருகில் போவதால் மட்டும் படம் அப்படி ஆகிவிடுவதில்லை. பொருளின் அளவையும் இடத்தையும் ஊகிக்க உதவும் தடயங்கள் சட்டகத்தைவிட்டு நீங்க வேண்டும். மணலில் ஒரு சிப்பி கிடந்தாலே போதும், பார்ப்பவர் ‘கடற்கரை’ என்று பெயர் வைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922இல் தொடங்கிய மேகப் படங்களில் பலவற்றில் அடிவானமே இல்லை. எது மேல், எது கீழ் என்று பிடிபடாததால் ஒளியும் இருளும் மட்டுமே கண்ணில் நிற்கின்றன.

எனக்குப் பழக்கமான, கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலை வைத்தே மேற்கொண்டு சொல்கிறேன். அதிலுள்ள கனிமங்களில் வெள்ளைக் குவார்ட்ஸின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.65 கிராம், செந்நிறக் கார்னெட்டுக்கு அது 4ஐ ஒட்டியும் கறுப்பு இல்மனைட்டுக்கு 4.7ஐ ஒட்டியும் இருப்பதால், திரும்பும் அலை இலேசான மணலை இழுத்துக்கொண்டு போக, கனமானவை கறுப்பும் சிவப்புமான கோடுகளாகத் தங்கிவிடுகின்றன. அந்தக் கோடுகள் சட்டகத்தின் எந்த ஓரத்தில் நுழைந்து எங்கே வெளியேறுகின்றன என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். மூலையில் போய் முட்டும் கோடு பார்வையை வெளியே இழுத்துவிடும். அரை அடி தள்ளி நின்றால் அது சரியாகிவிடும்.

கேமராவை மணலுக்கு இணையாகக் கவிழ்த்துப் பிடித்தால் லென்ஸின் ஒளித்துளையை நடுத்தர அளவான எஃப் 8இல் வைத்தாலே முழுப்பரப்பும் துல்லியமாக விழும். அந்த நிலையில், பளபளப்பைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் வடிகட்டியான போலரைசரால் பெரிய பயனில்லை, ஏனெனில் நேர்செங்குத்தாகத் திரும்பும் ஒளி முனைவாக்கம் அடைவதில்லை, அதாவது அதன் அலைகள் ஒரே தளத்தில் அதிர்வதில்லை. ஈர மணலின் பளபளப்பைக் குறைக்க வேண்டுமென்றால் சாய்வாகத்தான் எடுக்க வேண்டும். (அந்தப் பளபளப்பே சில நேரம் படத்தின் உயிர் என்பதால், வடிகட்டியைக் கழற்றியும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.) காலை வெயிலில் நிழல் நீலமாகவும் வெயில்படும் பக்கம் மஞ்சளாகவும் இருக்கும், ஒளியின் நிறச்சாயலைக் கேமராவே சரிசெய்யும் தானியங்கி வெள்ளைச் சமநிலை அந்த வேறுபாட்டை மழுக்கிவிடக்கூடும் என்பதால் சென்சார் பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்து, பகல் ஒளி அமைப்பிலிருந்து தொடங்குவது நல்லது.

திருத்தத்தில் வெட்டுவதே முதல் வேலை. படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால், ஓரத்தில் தேவையில்லாமல் வெளுத்திருக்கும் இடங்கள் தாமாகக் கண்ணில் படும். அவற்றை வெட்டியோ கருமையாக்கியோ விடலாம். பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ஒளி மேலிருந்தே விழுகிறது என்று மூளை எடுத்துக்கொள்வதால், மணல் வரிகளின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறிவிடக்கூடும்; அரூபப் படத்துக்கு ‘சரியான’ பக்கம் என்று ஒன்று இல்லாததால் வலுவாக நிற்கும் பக்கத்தையே வைத்துக்கொள்வேன். கான்ட்ராஸ்ட்டை, திருத்தும் மென்பொருளின் வளைகோட்டுக் கருவியில் (கர்வ்ஸ்) மெல்ல ஏற்றினால் போதும். நுண்விவரங்களை எடுப்பாக்கும் கிளாரிட்டியை அளவுக்கு மீறி ஏற்றினால் ஒவ்வொரு மணலும் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு, மறைத்துவைத்த அளவை மறுபடி காட்டிக்கொடுத்துவிடும். கறுப்பு வெள்ளையாக்கும்போது சிவப்பு ஸ்லைடரை மட்டும் இறக்கினால் கார்னெட் கோடுகள் இல்மனைட்டோடு கலந்து ஒரே கருமையாகும், ஏற்றினால் தனியே பிரிந்து வெளுக்கும். இரண்டையும் செய்து பார்த்த பிறகே வண்ணம் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.