பிளாஸ்டிக் இல்லாமல் விழாச் சாமான் கடை நடத்தினால் மட்டக்களப்பில் கட்டுபடியாகுமா?

கட்டும். ஆனால் விற்கிற கடையாக நடத்தினால் கட்டாது, வாடகைக்குக் கொடுக்கிற கடையாக நடத்த வேண்டும். களுவாஞ்சிக்குடிப் பக்கம் நான் செய்வது இந்தத் தொழில்தான். கல்யாண வீடு, சாமத்திய வீடு, பிறந்தநாள், கோயில் அன்னதானம், மருதமுனைப் பக்கத்து வலீமா (முஸ்லிம் கல்யாண விருந்து) என்று எல்லாவற்றுக்கும் சாமான் போகிறது.

மக்கும் தட்டு, கோப்பை எல்லாம் மொத்த விலைக்கு எங்கே எடுக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த இடத்திலேயே கொஞ்சம் நில்லுங்கள். ஒரு தரம் சாப்பிட்டு எறிகிற தட்டு எதுவானாலும், அதை வெளியூரிலிருந்து லொறியில் ஏற்றிவந்து விற்றால் பக்கத்துக் கடையோடு விலையில் மல்லுக்கட்ட வேண்டும். தோற்றுப்போவீர்கள். கமுகம் மட்டைத் தட்டு நல்ல சாமான்தான், ஆனால் கமுகு நம்முடைய கரையோரப் பயிரா? கடதாசிக் கோப்பை என்று விற்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. கிழித்துப் பார்த்தால் தெரியும்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி, சோறு சுற்றும் லஞ்ச் சீட், 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான தடிப்புள்ள பைகள், விழாக்களில் கட்டும் பொலித்தீன் அலங்காரம் எல்லாம் 2017 செப்டம்பர் 1 முதல் தடை. 2023 ஒக்டோபர் 1 முதல் ஸ்ட்ரோ, ஒருதரம் பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, பிளாஸ்டிக் மாலை, இடியப்பத் தட்டுவரை தடைப் பட்டியலில் சேர்ந்தன. இருந்தும் சந்தையில் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கும். ஆனால் வாடிக்கையாளர் "அந்த மாலை இல்லையா?" என்று கேட்கும்போது "அது தடை, அக்கா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். பிரசங்கம் வேண்டாம். அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு வருடத்தில் ஏறக்குறைய 20 யானைகள் செத்ததாக 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. அதைச் சொன்னால் எல்லாரும் "ஐயோ பாவம்" என்பார்கள். பிறகு விலையைத்தான் கேட்பார்கள். கல்யாண வீட்டுக்காரருக்கு ஆயிரம் செலவு, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சரி, எதில் தொடங்குவது? சில்வர் தட்டும் தம்ளரும். கொண்டுபோகும்போது வீட்டுக்காரர் ஒருவரை வைத்து எண்ணிக் கொடுங்கள், திரும்பி வரும்போதும் அவரை வைத்தே எண்ணுங்கள். சொந்தக்காரரிடம் முற்பணம் கேட்க நமக்கு வாய் வராது, அதனால் குறைந்ததற்கு மட்டும் வாங்கிய விலை என்று முதலிலேயே துண்டில் எழுதிவிடுவது நல்லது. கழுவுகூலியை வாடகைக்குள் சேர்த்துவிடுங்கள். "நாங்களே கழுவித் தருகிறோம்" என்பவர்களின் தட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடுதான் வரும். ஊரில் நாலு பெண்களுக்கு நிரந்தரமாகக் கூலி கிடைப்பதும் இந்தக் கழுவுகிற வேலையில்தான்.

இலையில்தான் பரிமாற வேண்டும் என்றால் வாழையிலை இருக்கிறது, வாவிக்கு மேற்கே படுவான்கரைக் குளங்களின் தாமரை இலை இருக்கிறது. குளம் வற்றும் மாதங்களில் தாமரையை நம்பி ஓடர் எடுக்காதீர்கள்.

தோரணத்துக்குக் குருத்தோலையைப் போல அழகு வேறில்லை. ஆனால் தென்னையில் ஓர் ஓலைக்கு ஒரு பாளை என்பது கணக்கு. குருத்தை வெட்டினால் ஒரு குலை போனது என்று தோட்டக்காரர் முகம் சுளிப்பார், அதில் நியாயமும் இருக்கிறது. போதாக்குறைக்குக் வறண்ட கச்சான் காற்று வீசும் நாளில் காலையில் கட்டிய தோரணம் மத்தியானமே சுருண்டுவிடும். அதனால் வாசலுக்கு மட்டும் குருத்தோலை, மண்டபத்துக்குள் துணி.

துணிக்கு மருதமுனைக் கைத்தறி இருக்கும்போது வேறெங்கும் போக வேண்டியதில்லை. வெட்டுத்துண்டுகளைக் கேட்டு வாங்கி முக்கோணக் கொடியாகத் தைத்துக்கொள்ளலாம். வெள்ளையும் இளமஞ்சளும் வேண்டாம், சாமத்திய வீட்டு மஞ்சளும் சந்தனமும் ஒரே நாளில் கறையாக்கிவிடும். கரும்பச்சை, சிவப்பு, கருநீலம் பல வருடம் உழைக்கும்.

எங்கள் கடையில் ஓயாமல் சுற்றுவது பெயர் எழுத்துகள். பெயரை ஆங்கில எழுத்துப் பலூனில் தொங்கவிடுகிறார்களே, அதற்குப் பதிலாகத் துணியில் தைத்த தமிழ் எழுத்து. 247 எழுத்தையும் யார் தைப்பது என்று பயப்படாதீர்கள். அகர வரிசை 18, உயிர் 12, இவற்றோடு கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, சங்கிலிக் கொம்பு, புள்ளி ஆகியவற்றைத் தனித் துண்டாகத் தைத்தால் ஊசி குத்திச் சேர்க்கலாம். கி, மி என்பவற்றின் இகர விலங்கும் அப்படியே ஒட்டும். மாட்டுவது உகரத்தில்தான். கு, மு, து, ரு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம், அவற்றை முழு எழுத்தாகவே தைக்க வேண்டும். ஜ, ஷ, ஸ, ஹ நிறைய வையுங்கள். காத்தான்குடி முஸ்லிம் பெயர்களுக்கு வேண்டும், இந்தக் காலத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் பெயர்களுக்கு அதைவிடக் கூட வேண்டும். எழுத்தைக் கோக்கிற வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்தால் கொம்பு எழுத்துக்கு முன்னாலா பின்னாலா என்று ஒரு சண்டை நிச்சயம்.

பலூனை நான் முற்றாக விடவில்லை. ரப்பர் பலூன் வைத்திருக்கிறேன், மினுங்கும் தகட்டுப் பலூன் இல்லை. வானத்தில் விடுவதற்கு என்று கேட்டால் கொடுப்பதில்லை. இங்கே மேலே போனது கடலில்தான் விழும், ஆமை அதை இரையென்று விழுங்கும். ரப்பரும் மக்கக் காலம் எடுக்கும்.

ஊருக்கு உதவுகிற கடை என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு முதல் விதி, கதிரையும் கொட்டகையும் வாங்காதீர்கள். அவை மரண உதவிச் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம் ஆகியவற்றின் வருமானம். அங்கே கை வைத்தால் ஊர் உங்களைக் கண்ணெடுத்தும் பார்க்காது. கதிரை கேட்டு வருகிறவரைச் சங்கத்துக்கு அனுப்புங்கள், அவர்கள் தட்டுக்கு உங்களிடம் ஆள் அனுப்புவார்கள். செத்த வீட்டுக்குத் தட்டும் தம்ளரும் இலவசம், கழுவுகூலி மட்டும் வாங்கலாம்.

மாரி மழைதான் பெரிய தலையிடி. கார்த்திகை, மார்கழியில் ஓடரும் குறைவு, துணியும் காயாது, மடித்து வைத்தால் பூஞ்சணம். கூரைக்குக் கீழே துணி காயப்போடக் கொடி கட்ட இடம் இல்லாத கடையை எடுக்காதீர்கள். மழை விட்டதும் பள்ளிக்கூடங்களில் இல்ல விளையாட்டுப் போட்டி தொடங்கிவிடும். ஒவ்வொரு இல்லத்தின் நிறத்திலும் துணிக்கொடி தைத்து வைத்து, மழை நாளிலேயே அதிபர்களைப் போய்ப் பாருங்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் அவிழ்த்த கொடியை அடுத்த கிழமை வேறொன்றில் கட்டலாம்.